ஒரு மொட்டிலிருந்து ஒரு பால்மரம்

பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், ஆண் மொட்டு அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைப் பிரித்தால் நடுவில் ஒரு சிறு தண்டு, அதைச் சுற்றி இரண்டு வரிசையில் பத்து மகரந்தப்பைகள். மொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அந்தப் பைகளை நசுங்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் அடுக்குவதில்தான் என் வேலை தொடங்கும். மரபணு மாற்றிய பால்மரம் என்று செய்தியில் படித்துவிட்டு என்னிடம் பேச வருகிறவர்கள், எந்த மரபணுவை வைத்தீர்கள், அதனால் கெடுதல் உண்டா என்றுதான் கேட்பார்கள். வைத்த செல்லை மறுபடி எப்படி மரமாக்கினீர்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் தொழிலே அதில்தான் இருக்கிறது. மரபணுவை உள்ளே நுழைப்பது சில நாள் வேலை. நுழைந்த செல்லிலிருந்து வேரும் தண்டும் இலையும் உள்ள ஒரு கன்றை எடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

நான் ரெம்பியா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் பால் எடுக்க மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெளிச்சம் வரும்போது நிரையில் நிற்க வேண்டும். வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் கணக்கப்பிள்ளையான கிராணி நிறுத்துக் கணக்கெழுதும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். பள்ளி விடுமுறையில் நாங்களும் பால் வடியும் மங்குகளைத் துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் போவோம். அம்மாவின் தம்பி, என் மாமா, மரம் வெட்டவில்லை. அவருக்கு நர்சரியில் ஒட்டுக்கட்டு வேலை. தோட்டத்தில் அந்த வேலைக்குத் தனி மதிப்பு உண்டு. எத்தனை ஒட்டு பிடித்ததோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால், கை சுத்தமில்லாதவர்களுக்கு அது நிலைக்காது.

மாமா குந்தியிருந்து கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கன்றின் அடித்தண்டில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துணியால் துடைப்பார். கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டு கோடு, குறுக்கே ஒரு கோடு. கோட்டில் வடிகிற பால் நிற்கும்வரை அடுத்த கன்றுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டே போவார். திரும்பி வந்து, நல்ல மரத்தின் ஒட்டுக்குச்சியிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு சீவியெடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கட்டையைப் பிரித்துப் போடுவார். பிறகு கன்றின் பட்டையைத் தூக்கிக் கண்ணை உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்துப் பிரித்து, கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டும். "கண்ணு, பட்டையோட உள்பக்கத்துல வெரலு படக்கூடாது. அந்த ஈரத்துலதான் உசுரு இருக்கு" என்று மாமா சொல்லுவார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாகப் பிரிந்து பெருகும் செல்களைத்தான் அவர் ஈரம் என்றார். அந்தச் செல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. அவற்றை எப்படித் தொடக்கூடாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

பால்மரம் நம் மண்ணில் முளைத்ததல்ல. 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் கரையிலிருந்து கப்பலேற்றிய 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்த சிறு பகுதியில் பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகத் தோட்டம் என்று சொல்வார்கள். விதையில் முளைத்த மரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்று மங்கு நிரம்பப் பால் தரும், பக்கத்து மரம் அடிமங்கை நனைக்கும். 1910களின் பிற்பாதியில் ஜாவாவில் ஒட்டுக்கட்டு முறை பிடிபட்ட பிறகுதான் ஒரு நல்ல மரத்தை ஆயிரம் மரமாக்க முடிந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் காடுகளில் பேர்போன மரம் ஆர்.ஆர்.ஐ.எம். 600. ஜிர் 1, பி.பி. 86 என்ற இரண்டு மரங்களைக் கலந்து சுங்கை பூலோவில் உள்ள ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் உண்டாக்கியது. மலாயாவிலும் தாய்லாந்திலும் கேரளத்திலும் நின்ற அந்த மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் கண்கள். இதில் பெரிய பலனும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில், கோலாலம்பூருக்கு வெளியே ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது என் கையில் கொடுக்கப்பட்ட பழைய கட்டுரைகளில் இரண்டு பெயர்கள் கண்ணில் பட்டன: பரஞ்சோதி, காந்திமதி. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1970களிலேயே பால்மரத்தின் மகரந்தப்பைத் திசுவிலிருந்து கருக்களை எழுப்பியவர்கள். விதையே இல்லாமல், பூவின் ஓர் ஓரத்துச் செல்லிலிருந்து, விதைக்குள் இருப்பதற்கு நிகரான ஒரு கரு. அதே கழகத்தில் ஆரோக்கியராஜும் உடன் உழைத்தவர்களும் 1994-இல் பால்மரத் திசுவுக்குள் வேற்று மரபணுவை நுழைத்துக் காட்டினார்கள். நுண்ணிய உலோகத் துகள்களில் மரபணுவைப் பூசி, அழுத்த விசையால் திசுவுக்குள் செலுத்தும் முறை அது. 1996-இல் அக்ரோபேக்டீரியம் என்ற மண் கிருமியைக் கொண்டு செய்து, மாற்றிய திசுவிலிருந்து கன்றும் எடுத்தார்கள். லயத்துப் பிள்ளைகள் கிராணி வேலைக்கு மேல் கனவு காணாத காலத்தில் வளர்ந்தவள் நான். இந்தப் பெயர்களை அச்சில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிமிர்வை இன்றும் மறைக்க விரும்பவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். பால்மரம் இலையுதிர்த்து, துளிர்த்து, பூக்கும் மாசி பங்குனிதான் எங்களுக்கு அறுவடைக் காலம். ஆண்டின் பிற்பாதியில் இன்னொரு சிறு பூப்பு உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது. மொட்டு விரிந்திருக்கக்கூடாது. மகரந்தம் இன்னும் பிரியாத ஒற்றைச் செல்லாக இருக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும். நாளடைவில் நிறத்தையும் பருமனையும் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சாயம் போட்டு நுண்ணோக்கியில் உறுதிசெய்யாமல் நான் தட்டைத் திறந்ததில்லை. மொட்டுகளை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, குளோராக்ஸ் கரைசலில் ஊறவைத்து, கொதித்தாறிய நீரில் பலமுறை அலச வேண்டும். காற்று வடிகட்டி ஓடும் மேசைக்குள் கையை விட்ட பிறகு பேச்சுக் கூடாது, தும்மல் கூடாது, முழங்கை வெளியே வரக்கூடாது.

சத்துக்கூழில் உப்புகள், சர்க்கரை, வைட்டமின்கள், ஊக்கிகள். இளநீர் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஊக்கிகளில் ஒன்று 2,4-டி. தோட்டத்தில் களைகளுக்கு அடித்த மருந்தும் அதேதான். நிறையக் கொடுத்தால் செடி முறுக்கிக்கொண்டு சாகும். லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் கொடுத்தால் வளர்ந்து முடிந்த செல், தான் என்னவாக இருந்தோம் என்பதை விட்டுவிட்டுப் பிரியத் தொடங்கும். தட்டுகளை இருட்டறையில் வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால் மகரந்தப்பையின் ஓரத்தில் வெளிறிய மஞ்சளில், கிளறிய ரவை மாதிரி உதிரியாக ஒரு கட்டி எழுந்திருக்கும். அதற்குக் கேலஸ் என்று பெயர். எழுந்ததெல்லாம் உதவாது. தண்ணீர்க் கட்டியாக மினுங்குவது வேண்டாம், கெட்டியாக வெளுத்ததும் வேண்டாம். பழுப்பு ஓடினால் அந்தத் தட்டு முடிந்தது. பால்மரம் காயப்பட்டால் தன் சாற்றாலேயே தன்னைக் கறுக்க வைத்துக்கொள்ளும். ஆகவே நல்ல துணுக்குகளை இடைவிடாமல் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தத் துணுக்கு நல்லது என்பதை எழுத்தில் சொல்லித்தர என்னால் முடிந்ததில்லை. புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எடுப்பதையும் விடுவதையும் பார்க்கச் சொல்வேன்.

அக்ரோபேக்டீரியம் மண்ணில் வாழும் கிருமி. செடிகளில் காயம் பட்ட இடத்தில் புகுந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகி, கழலை எழுப்பி, அதில் தனக்கு வேண்டிய தீனியைச் செய்துகொள்ளும். மனிதன் செய்வதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இயற்கையில் இது நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் துண்டில் கழலைக்கான மரபணுவை எடுத்துவிட்டு, வேண்டிய மரபணுவை வைத்தால் கிருமி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983-இல் புகையிலையில் இது நடந்தது. 1987-இல் பாப்ளர் மரத்தில் நடந்து, மரபணு மாற்றிய முதல் காட்டு மரம் பிறந்தது. எங்கள் வேலையில், கேலஸ் துணுக்குகளைக் கிருமிக் கரைசலில் நனைத்து, ஒற்றியெடுத்து, இரண்டு மூன்று நாள் இருட்டில் வைப்போம். அதோடு கிருமியின் வேலை முடிந்தது. அதன் பிறகு அது தொல்லைதான். செஃபோடாக்சிம் கலந்த கூழில் போட்டு அதைக் கொல்ல வேண்டும், கொன்றதாக நினைத்துப் பல வாரம் கழித்தும் ஓரத்தில் பிசுபிசுவென்று எழும். கூடவே கானாமைசினும் கலந்திருப்போம். புது மரபணு ஏறாத செல்கள் அதில் பழுத்துச் சாகும். ஏறியவை மட்டும் பழுப்பின் நடுவே வெளிர்மஞ்சள் தீவாகத் தலைகாட்டும். பெரும்பாலான தட்டுகளில் தீவே இருக்காது.

மரபணு ஏறியதை உறுதிசெய்ய அந்தக் காலத்தில் எல்லாரும் பயன்படுத்தியது நீலச் சோதனை. வேண்டிய மரபணுவோடு குஸ் என்ற மரபணுவையும் கோத்து வைப்பார்கள். அது வேலைசெய்தால், ஒரு குறிப்பிட்ட கரைசலில் ஊறவைத்ததும் திசு நீலமாகும். இலைத் துண்டைக் கரைசலில் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் ஆல்கஹாலில் பச்சையம் கழுவினால் நரம்போடு நீலம் தெரியும். சுங்கை பூலோவில் ஆரோக்கியராஜ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாற்றிய மரத்தின் பாலிலேயே அந்த நொதி இருப்பதை 1998-இல் காட்டினார்கள். மரத்துக்குள் வைத்த மரபணு இலையோடு நிற்காமல், நாம் வெட்டி எடுக்கிற பாலில் தன் புரதத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது அதனால் உறுதியானது. உத்தி அத்தனையும் அதில் அடங்கியிருக்கிறது. நெல்லில் ஒரு புரதம் வேண்டுமென்றால் அறுத்து அரைக்க வேண்டும். பால்மரத்தை அப்படியே நிற்கவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி எடுக்கலாம், வருடக்கணக்கில்.

தீவு கிடைத்தாலும் கன்று கிடைத்ததாகாது. ஊக்கிகளைக் குறைத்து, சர்க்கரையை மாற்றி, கூழைக் கெட்டியாக்கி, கேலஸைக் கருக்கட்டத் தூண்ட வேண்டும். முதலில் உருண்டையாக, பிறகு இதய வடிவில், பிறகு நீண்டு, கடைசியில் இரண்டு வித்திலைகளோடு கரு உருவாகும். பால்மரம் இங்கேதான் கையை விரிக்கும். வித்திலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகும். சிலவற்றில் வெளிச்சத்துக்கு மாற்றியதும் வெள்ளை வெளேரென்று அழகான வேர் இறங்கும், மேலே குருத்து வராது. வேரை மட்டும் விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் குப்பிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேரும் குருத்தும் ஒரே கருவில் சேர்ந்து வருவது, எந்த மரத்திலிருந்து மகரந்தப்பை எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. ஜி.எல். 1 என்ற பழைய மரம் இதற்கு இணங்கியதால்தான் சுங்கை பூலோவில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகப் பால் தரும் மரமும் கூடத்தில் கன்றாகத் திரும்பும் மரமும் ஒன்றாக இருப்பதில்லை. அதிகப் பால் தரும் புதிய மரங்களை இந்த வழிக்குக் கொண்டுவருவதில் எத்தனையோ பேருடைய உழைப்பு கழிந்திருக்கிறது.

குப்பியில் நான்கு இலை விட்ட கன்று பார்க்கப் பசுமையாக இருக்கும், உண்மையில் அது மிகவும் பலவீனமானது. குப்பிக்குள் ஈரம் நிறைந்திருந்ததால் இலையில் மெழுகு ஏறியிருக்காது. வெளியே எடுத்த சில மணி நேரத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய கூழைக் குளிர்ந்த நீரில் ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். மிச்சமிருந்தால் அதன் சர்க்கரைக்குப் பூஞ்சை வரும். மணலும் மட்கிய தென்னை நாரும் கலந்த பையில் நட்டு, மேலே கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் வாடும், தாமதித்தால் அழுகும். மாதக்கணக்கில் தட்டில் வளர்த்த ஒன்று கூண்டில் சாவதைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

பிழைத்த கன்றும் ஒல்லியாகத்தான் நிற்கும். அதை அப்படியே வயலில் வைக்க மாட்டார்கள். அதிலிருந்து கண் எடுத்து, விதையில் முளைத்த சாதாரணக் கன்றில் ஒட்டுவார்கள். முதல் தடவை அந்தக் கட்டம் வந்தபோது, கூடத்தில் பட்டம் பெற்றவர்கள் பலர் இருந்தும் ஒட்டுக்கட்டத் தெரிந்தவர் யாருமில்லை. நான் கட்டினேன். மாமா கற்றுத்தந்தபடி கோடு போட்டு, பால் வடிந்து நிற்கும்வரை காத்திருந்து, உள்ளீரத்தில் விரல் படாமல் செருகிச் சுற்றினேன். மேலாளர் ஐயா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எங்கம்மா கத்துக்கிட்ட இத?" என்று கேட்டார். "ரெம்பியாவுல, எங்க மாமாகிட்ட" என்றேன். அன்றிலிருந்து நர்சரியும் என் பொறுப்பானது.

ஒட்டுக்கட்டு இங்கே வெறும் பெருக்கும் வேலையோடு நிற்பதில்லை. மாற்றிய கேலஸிலிருந்து வந்த கன்றில் எல்லாச் செல்லும் மாறியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கிளை மாறியதாகவும் ஒரு கிளை பழையதாகவும் இருக்கலாம். இலைக்கு இலை சோதித்து, மாறிய பகுதியின் கண்ணை எடுத்து ஒட்டி, அது வளர்ந்ததும் மறுபடி சோதித்து, அதிலிருந்து கண்ணெடுத்து மீண்டும் ஒட்டினால் கலப்பு வடிந்து, முழுக்க மாறிய மரம் நிற்கும். சுங்கை பூலோ ஆய்வில் ஒட்டுக்கு ஒட்டு அந்தப் பண்பு அழியாமல் வந்தது. கானாமைசின் பாதியும் ஒட்டுக்கத்தி பாதியும் செய்த வேலை என்றே நான் இதைச் சொல்வேன். இதில் இன்னொன்றும் உண்டு. மண்ணுக்குள் போகும் வேர் சாதாரண விதைக் கன்றினுடையது, மாற்றம் இருப்பது ஒட்டுக்கு மேலேதான்.

லேபிள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு கண்ணும் எதிலிருந்து வந்தது என்று எழுதாமல் விட்டால் பத்தாண்டு வேலை மண். அமெரிக்காவில் நோயால் அழிந்த செஸ்ட்நட் மரத்தைக் கோதுமையிலிருந்து எடுத்த ஒரு மரபணுவால் மீட்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடந்தது. டார்லிங் 58 என்று நம்பி வளர்த்துச் சோதித்த மரங்கள் உண்மையில் டார்லிங் 54 என்ற வேறு வரிசை என்று தெரியவந்து, 2023 டிசம்பரில் அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தனை பேர் உழைப்பு அதில் இருக்கிறது.

பால்மரத்தில் என்ன வைக்க வேண்டும்? 2002-இல் மனித இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தைப் பால்மரத்தின் பாலில் கொண்டுவந்ததாக ஆரோக்கியராஜும் இயாங் ஹூங் இயெட்டும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள். தீக்காயம் பட்டவர்களுக்கும் இரத்தம் இழந்தவர்களுக்கும் ஏற்றும் அந்தப் புரதத்தைத் தானமாக வந்த இரத்தத்திலிருந்து பிரிக்கிறார்கள். அதை மரத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்பது எங்கள் தலைமுறையை ஈர்த்த எண்ணம். அது மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. ஆயினும் பால்மரத்தால் அது முடியும் என்று காட்டியதே பெரிது என்று நினைக்கிறேன். இந்தியாவில் வேறு வழியில் போனார்கள். கோட்டயம் புதுப்பள்ளியில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார், பால்மரத்தின் சொந்த மரபணு ஒன்றையே கூடுதல் படிகளாக அதில் வைத்தார்கள். வறட்சியும் குளிரும் வாட்டும்போது செல்லுக்குள் சேரும் நச்சைத் தணிக்கும் நொதி அது. கேரள அரசு களச் சோதனைக்கு இசையவில்லை. 2021 ஜூன் 22 அன்று அசாமில் குவாஹாட்டிக்கு வெளியே சருதாரியில் நட்டார்கள். மரபணு மாற்றிய பால்மரம் வயலில் நடப்பட்டது உலகிலேயே அங்குதான் முதலாவது என்று இந்திய ரப்பர் வாரியம் அறிவித்தது.

கேரளத்தில் எழுந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. அதற்கு நம் கையில் இருக்கும் பதில்களைச் சொல்ல வேண்டும். ஆசியாவில் பால்மரத்துக்குக் காட்டு உறவினர் இல்லை. ஆகவே மகரந்தம் காட்டுக்குள் போய்ப் பரவும் என்ற கவலை அமேசானில் உள்ளதைவிட இங்கே குறைவு. ஆனால் பக்கத்துத் தோட்டம் இருக்கிறது, தேனீ இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி பால்மரத்தின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. மரத்தின் எல்லா உறுப்பிலும் இயங்கும்படி மரபணுவை வைத்தால் அந்தச் சுரப்பையும் சோதித்துத்தான் ஆக வேண்டும். பால்குழாயில் மட்டும் இயங்கும்படி வைத்தால் அந்தக் கேள்வி சிறிதாகும். இதையெல்லாம் கேட்கச் சட்டம் வேண்டும். மலேசியாவில் 2007-இன் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கூடத்துப் பதிவேடுகள் தடித்தன. ஒரு தட்டைக்கூட ஆட்டோக்ளேவில் வேகவைக்காமல் வெளியே போட முடியாது. எனக்கு அதில் குறையில்லை. மாமா கட்டிய ஒட்டைக் கிராணி எண்ணிப் பார்த்துத்தான் கணக்கெழுதினார்.

என் மனம் நிற்பது நோயில். தென்னமெரிக்க இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் அமேசானில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய ஃபோர்டுலாந்தியாவைத் தலைதூக்க விடவில்லை. அடுத்து அமைத்த பெல்தெராவையும் பிடித்தது. 1945-இல் இரண்டையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆசியாவுக்கு அந்தப் பூஞ்சை இன்னும் வரவில்லை, வந்தால் ஒரே மரத்தின் கண்களாக நிற்கும் நம் காடுகளுக்குத் தடுப்பு கிடையாது. 1981-இல் பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ பகுதிகளிலிருந்து காட்டு விதைகளைச் சேகரித்து மலேசியாவுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் நம் மரங்களின் இந்த ஒற்றைப் பரம்பரைதான். இதற்கிடையில் 2016 வாக்கில் சுமத்ராவில் தொடங்கி மலேசியாவிலும் பரவிய புதிய இலையுதிர் நோய், இலைகளில் வட்டப் புள்ளிகளைப் போட்டு மரத்தை மொட்டையடித்து, பாலைக் குறைத்துவிட்டது. சிறுதோட்டக்காரர்கள் அதை ஒவ்வொரு காலையும் பார்க்கிறார்கள். பால்மரம் முதல் வெட்டுக்கு வரவே ஐந்து முதல் ஏழு ஆண்டு. நோய் வந்த பிறகு தொடங்கினால் தட்டில் கேலஸ் எழும்போதே காடு போயிருக்கும். ஆகவே நோயைத் தாங்கும் மரபணுவை வைத்துக் கன்று எடுக்கும் வேலை, நோய் எட்டத்தில் இருக்கும்போதே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காட்டு விதைகளைக் கொண்டு கலப்புச் செய்வதும் கூடவே நடக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டியில்லை.

இதற்கு எதிராக நிற்பது விஞ்ஞானம் இல்லை, பணத்தின் காலக்கணக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் மூன்றாண்டுக்குக் கிடைக்கும். மரத்துக்கு ஏழாண்டு வேண்டும், நோய்ச் சோதனைக்கு அதற்கு மேலும். நான் வேலை செய்த இடங்களில் ஒன்றில், திட்டம் முடிந்த மாதம் மின்சாரச் செலவு என்று சொல்லி வளர்ப்பறையின் குளிரூட்டியை நிறுத்தினார்கள். உதிரிக் கேலஸ் வரிசைகள் ஒரு வாரத்தில் பழுத்தன. ஒட்டு நர்சரியில் நின்ற மாறிய கன்றுகளை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால், சட்டப்படி எரிக்க வேண்டியிருந்தது. எரித்தவர்களில் நானும் ஒருத்தி. எங்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. அந்தக் கன்றுகள் மறுபடி எழுதி வாங்கக்கூடிய காகிதமில்லை என்று சொல்லிப் பார்த்தோம். அதற்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

ரெம்பியாவுக்கு இப்போது போனால் சாலையின் இருபுறமும் பெரும்பாலும் செம்பனைதான். எங்கள் லயம் இருந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. மாமா எண்பதைத் தாண்டிவிட்டார், கண் தெளிவில்லை. ஆனாலும் போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, நான் கொண்டுபோன ஒட்டுக்குச்சியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இது இன்னும் பத்து நா போகணும், பட்டை பிரியாது" என்றார். சரியாகத்தான் இருந்தது. அவரோடு கட்டியவர்களில் பலர் இப்போது இல்லை. செம்பனைக்கு ஒட்டுக்கட்டு வேலையும் இல்லை என்பதால் அந்தக் கைகளுக்கு அடுத்த தலைமுறை வரவில்லை. திசு வளர்ப்பிலும் இதேதான். நல்ல கேலஸை அடையாளம் காணும் கண்ணோடு ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் பல வருடம் ஆள் எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு கட்டுரையைப் படித்துச் செய்யச் சொன்னால் வராது. மரபணுவைத் திருத்தும் புதிய கத்தரி முறைகள் வந்திருக்கின்றன. வேற்று மரபணு எதையும் வைக்காமல், உள்ளதில் ஓர் எழுத்தை மாற்றலாம் என்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் திருத்திய செல்லும் கேலஸாகி, கருவாகி, வேரும் குருத்தும் சேர்ந்து வந்து, கூண்டில் பிழைத்து, கண்ணாக ஒட்டப்பட்டுத்தான் மரமாக வேண்டும். அந்தப் பாதை இன்னும் அதே நீளம்தான்.

ஓய்வுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆய்வுத் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். மரபணுவைத் தேர்ந்த விதமும் கணினி வேலையும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதில் நான் கைவைப்பதில்லை. நான் முதலில் திறப்பது செலவுப் பட்டியலை. ஒட்டுக்கட்டுகிறவருக்குச் சம்பளம் எழுதியிருக்கிறதா, திட்டம் முடிந்தபின் நர்சரியைப் பார்த்துக்கொள்ள யார், எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால், சேர்த்து எழுதிவிட்டு அனுப்பும்மா, மற்றதைப் பிறகு படிக்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.